இழுக்குமோ?

எங்கள் தலைக்கு மேலே ஒரு மனிதர் நடந்துகொண்டே இருந்தார். டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எங்களுடையது நடு வீடு, அவருடையது மேல் வீடு. சன்னலிலிருந்து குசினிக்கு நடப்பார், குசினியிலிருந்து திரும்பவும் சன்னலுக்கு நடப்பார். நான் உலையில் அரிசி போடும்போதும் அந்தச் சத்தம், கஞ்சி வடிக்கும்போதும் அந்தச் சத்தம்.

"அந்தாளுக்குக் காலிலை சில்லுப் பூட்டியிருக்கு" என்பேன் நான்.

"மெல்லக் கதையும், கேட்கப்போகுது" என்பார் என் கணவர்.

கேட்டால் என்ன? கேட்டிருந்தாலும் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரிலிருந்து வந்து சேர்ந்த எங்களில் பலருக்கு அங்கேயிருந்த தையல் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்திருந்தது. நான் தைக்கிற பகுதியில், மேல் வீட்டுக்காரர் துணி வெட்டுகிற பகுதியில். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். மன்னார்ப் பக்கம். மனைவியும் மகனும் மகளும் ஊரில் இருந்தார்கள். விசா கிடைத்ததும் வந்துவிடுவார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே அண்ணை என்போம். காணாத இடத்தில் அவருக்குப் பெயர் 'இழுக்குமோ'.

எதைக் கண்டாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி அது. தொழிற்சாலைக்குப் புது மெசின் வந்தால், "தடிச்ச துணியை இழுக்குமோ?" யாராவது குளிர்சாதனப் பெட்டி வாங்கினால், "இந்த வயருக்கு இழுக்குமோ?" ஒரு கலியாணப் பேச்சு எங்கள் வீட்டில் நடந்தபோது, பெண்ணின் தமையன் மாப்பிள்ளையின் குணத்தை அரைமணி நேரம் புகழ்ந்து முடித்தார். அண்ணை கதவடியில் நின்றபடி, "பொடியன் நல்லவன்தான். மூண்டு தங்கச்சிமாரையும் வச்சு இழுப்பானோ?" என்றார். அந்தப் பேச்சு அதோடு குழம்பியது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்குத் தேநீர் ஊற்றவில்லை.

ஊற்றியிருந்தாலும் நின்றுகொண்டேதான் குடித்திருப்பார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "இருங்கோ அண்ணை" என்று கதிரையை இழுத்துப் போட்டால், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு மிடறுக்கு ஒருதரம் சன்னலால் எட்டிப் பார்ப்பார். கீழே தரிப்பிடத்தில் அவருடைய பழைய காரும் அதற்குப் பின்னால் ஒரு கரவனும் நிற்கும். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சில்லு வைத்த வீடு. டெனிஷ்காரர்கள் கம்பிங்வொன் என்பார்கள். கன்று ஈனப்போகிற மாட்டைக் கட்டிவிட்டு வந்தவன்போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மாதா கோயிலிலும் கதவடியில்தான் நிற்பார். பிரசங்கம் நீண்டால் அவர் கைக்குள் கார்த் திறப்பு கிலுங்கும்.

அந்தக் கரவன் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவரே பலதரம் சொல்லியிருக்கிறார். ஹேர்னிங்குக்கு வருமுன் எங்களைச் சில மாதங்கள் ஒரு ஏரிக்கரை அகதி விடுதியில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கரவன்கள் வந்து நிற்கும் முகாம். கோடை வந்ததும் டெனிஷ் குடும்பங்கள் வந்து இறங்கின. இவர்களுக்கென்ன விசரோ, நல்ல வீட்டை விட்டுவிட்டு வந்து பெட்டிக்குள் கிடக்கிறார்களே என்று நாங்கள் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மழைநாள் பின்னேரம் அந்தப் பக்கமாக நடந்துபோனபோது ஒரு கரவனின் கதவு திறந்திருந்ததாம்.

"தேப்பன் படுத்திருக்கிறான், தங்கச்சி. எழும்பவே இல்லை. படுத்த பாட்டிலை கையை நீட்டிப் பிள்ளையின்ரை போர்வையை இழுத்துவிட்டான். மற்றப் பக்கம் நீட்டினா மனிசி. கை நீட்டுற தூரத்திலை எல்லாரும் இருக்கினம். வீடெண்டா அப்பிடியெல்லே இருக்கவேணும்?"

ஊரில் இருந்த காலத்தில் நாய் குரைத்தால் எழும்பி, அறை அறையாகப் போய்ப் பிள்ளைகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து படுத்த மனிதர் அவர். அதையும் அவரே சொன்னதுதான்.

முதலில் வாங்கியது முட்டை வடிவத்தில் ஒரு சின்னக் கரவன். யாரோ தோட்டத்துக்குப் பின்னால் விட்டிருந்ததை, புல் வெட்டிக் கொடுத்து அதற்குப் பதிலாக எடுத்து வந்தார். அதோடு அவருடைய பாடங்கள் தொடங்கின. கரவனின் வெறும் பாரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. காஸ் சிலிண்டர், தண்ணீர், மெத்தை, சட்டி பானை, அரிசி எல்லாம் ஏறிய பிறகு என்ன பாரமோ அதுதான் பாரம். கார் எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் பதிவுப் பத்திரத்தில் போட்டிருக்கும். நிறைந்த கரவன் அதற்குள் அடங்கவேண்டும், அடங்கியும் கொஞ்சம் மிச்சம் இருக்கவேண்டும். பாரம் பின்னுக்குப் போனால் வால் ஆடும். கொக்கியில் அதிகம் விழுந்தால் காரின் பின்பக்கம் குந்திவிடும்.

"எந்தக் காரும் எதையும் ஒருக்கா இழுக்கும், தங்கச்சி. இழுக்கிறது பெரிசில்லை. நிப்பாட்ட ஏலவேணும். நிப்பாட்ட ஏலாட்டி, நீங்கள் இழுத்துக்கொண்டு போன சாமான் பிறகு உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்."

நான் வெங்காயம் உரித்தபடி ஓம் ஓம் என்பேன். எனக்கென்ன, நான் கரவன் இழுக்கப்போகிறேனா?

ஆனால் கரவனுக்குள் ஏறினேன். எஸ்பியர்க்கில் ஒரு பிள்ளையின் முதல் நன்மை விழா. அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த எங்கள் நண்பர் ஒருவர் புதிதாக ஒரு பெரிய கரவன் வாங்கி, எங்களையெல்லாம் ஏற்றிப்போக அதைத் தன் காரில் கொழுவிக்கொண்டு வந்திருந்தார். ஆண்கள் காருக்குள், பெண்கள் கரவனுக்குள். மடுத் திருவிழாவுக்கு உழவு மெசின் பெட்டியில் ஊரே ஏறிப்போன சனம் நாங்கள். மெத்தை போட்ட பெட்டி கிடைத்தால் விடுவோமா? பட்டுச்சேலை கட்டி, கட்லட் பெட்டியையும் கறிப் பானையையும் பின்பக்கம் அடுக்கி, ஐந்து பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். கார் நகரவில்லை.

எட்டிப் பார்த்தால், அண்ணை வீட்டுச் செருப்போடு இறங்கி வந்து கார் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறார். மழை தூறுகிறது.

"விலகுங்கோ அண்ணை, நேரம் போகுது" என்றார் எஸ்பியர்க் நண்பர்.

"ஓடுற கரவனுக்குள்ளை ஆள் இருக்கக்கூடாது. சட்டமும் இல்லை, புத்தியும் இல்லை. இறக்கும்."

"இந்தா கிடக்கு எஸ்பியர்க். ஒரு மணித்தியாலம். நான் மெல்லப் போறன்."

"உம்மடை கார் வெறும் கரவனையே இழுக்காது. பின்னுக்கு வேறை பானை அடுக்கியிருக்கு. முதல் என்ரை மேலாலை ஏத்திப்போட்டுப் போம்."

ஆள் அசையவில்லை. கீழ் வீட்டு டெனிஷ் கிழவிகூட சன்னலைத் திறந்து பார்த்தாள். கடைசியில் நாங்கள் ஐந்து பேரும் இறங்கி, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடினோம். கறிப் பானையை மடியில் வைத்தபடி நான் ரயிலில் போனேன். டெனிஷ்காரர்கள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி என்னைப் பார்த்தார்கள். அந்தக் கரவன் எங்களுக்கு முன்பே எஸ்பியர்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு கீறல் இல்லாமல். விழா முழுக்க அண்ணையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்தநாள் தொழிற்சாலையில் நான் அதை அவர் முகத்துக்கே சொன்னேன்.

"போய்ச் சேர்ந்ததாலை சரியெண்டு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்டுமேசைக்குத் திரும்பினார்.

அவருடைய சின்னக் கரவனும் காரும் நன்றாகத்தான் பொருந்தியிருந்தன. அதைக் குழப்பியது அவருடைய மகன். ஊரிலிருந்து ஒரு படம் வந்தது. பள்ளிச் சட்டையில் தாய்க்குப் பக்கத்தில் நிற்கிற பொடியன் தாயைவிட ஒரு தலை உயரம். அன்றைக்கு மேலே நடை நிற்கவே இல்லை. அடுத்த கடிதத்தில் மனைவிக்கு எழுதினார்: மகனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, உச்சியிலிருந்து குதிவரை நூல் பிடித்து, முடிச்சுப் போட்டு அனுப்பு. துணி வெட்டுகிற மனிதர் வேறு எப்படி அளவு கேட்பார்? விமானத் தபால் உறைக்குள் சுருட்டி வைத்த வெள்ளை நூல் வந்தது. கரவன் கட்டிலில் அதை நீட்டிப் பார்த்தால் நூல் கட்டிலைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது.

"கால் மடக்கிப் படுப்பான் அண்ணை. பிள்ளைதானே" என்றேன்.

"எத்தினை நாளைக்கு மடக்குறது? அவன் வளருற பிள்ளை."

கட்டில் நீளவேண்டும் என்றால் கரவன் நீளவேண்டும். கரவன் நீண்டால் பாரம் ஏறும். பாரம் ஏறினால் கார் போதாது. அந்த நாட்டில் கார் மாற்றுவது எங்களைப் போன்றவர்களுக்கு வீடு கட்டுகிற மாதிரி. அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கவில்லை. கரவன் விற்கிற பண்ணைகள், முகாம்கள் எல்லாம் அலைந்தார். பாரம் சரியென்றால் நீளம் போதாது, நீளம் சரியென்றால் பாரம் கூட. நடுவில் சின்னதைக் கொடுத்துவிட்டு, நூலுக்குப் பொருந்திய ஒன்றை எடுத்து வந்தார். அந்த மாதமே இரண்டாவது நூல் வந்தது. முதலாவதைவிட நான்கு விரல் நீளம். அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் கதவடியில் நின்ற அவருடைய முகத்தில் பெருமையா பயமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு வயதான பண்ணைக்காரரிடம் நீளமான கரவன் ஒன்று இருந்தது. நானும் கணவரும் கூடப் போயிருந்தோம். பண்ணைக்காரர் கரவனைப் பார்த்தார், எங்கள் அண்ணையின் காரைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"நை, வேண்டாம். இந்தக் காருக்கு அதோ அந்தச் சின்னது போதும். இது உன் காரைத் தின்றுவிடும்."

அண்ணைக்கு டெனிஷ் அவ்வளவு வராது. சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து, ஒரு முனையைப் பண்ணைக்காரரின் கையில் கொடுத்து, மறு முனையைத் தன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். "மின் சுன்" என்றார். என் மகன்.

கிழவர் நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து கரவனுக்குள் ஏறினார். இரண்டு பேருமாகக் கட்டிலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நூலைப் பிடித்தார்கள். சரியாக இருந்தது, முடிச்சுக்குப் பிறகு நான்கு விரல் மிச்சமும் இருந்தது. வெளியே வந்து கிழவர் சொன்னார், "உள்ளே இருப்பதையெல்லாம் கழற்று. அப்போது ஒருவேளை."

அண்ணை கழற்றினார். அடுப்பைக் கழற்றினார், மேசையைக் கழற்றினார், அலுமாரிக் கதவுகளை, விரிப்பை, கண்ணாடியை, இரண்டாவது காஸ் சிலிண்டரை எல்லாம் கழற்றினார். தொழிற்சாலையில் துணிப் பொதி நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்து, நிம்மதியில்லாமல் இன்னொன்றைக் கழற்றினார். அந்தக் கரவனில் கடைசியில் மிஞ்சியது கட்டில்கள் மட்டும்தான்.

"சமையல் எங்கை அண்ணை?" என்று கேட்டேன்.

"வெளியிலை கல்லு வச்சுச் சமைப்பம். படுக்க இடமிருந்தாக் காணும்."

அதற்குப் பிறகு செய்தது இன்னும் வேடிக்கை. ஆள் இல்லாத கார் இழுப்பதைப் பார்த்து என்ன பிரயோசனம், நாலு பேர் ஏறிய கார் இழுக்கவேண்டும் அல்லவா? டோஸ்ட்ருப்பில் கடை வைத்திருந்த தமிழர் ஒருவரிடமிருந்து அரிசி மூட்டைகள் எடுப்பித்தார். முன் இருக்கையில் இரண்டு மூட்டை, மனைவி. பின்னால் ஒரு மூட்டை, மகள். அதற்குப் பக்கத்தில் மூட்டைக்கு மேல் மூட்டையாக மூன்று, மகன். பின் இருக்கையில் ஆளைக் கட்டுகிற ஆசனப் பட்டி இல்லை. என்னிடம் வந்து ஒரு பழைய நூல்சேலை கேட்டார். என்னுடைய பச்சைச் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். அதால் மூட்டைகளை இருக்கையோடு கட்டிக்கொண்டு, கரவனையும் கொழுவிக்கொண்டு, ஹேர்னிங்கைச் சுற்றிச் சுற்றி ஓடினார். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தார், இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தார். ஒருநாள் பொலிஸ்காரன் மறித்து, உள்ளே குனிந்து பார்த்து, இதென்ன என்று கேட்டிருக்கிறான். "மை ஃபமிலி" என்றாராம். அந்தக் கதையைச் சொல்லி மாதக்கணக்காகச் சிரித்தோம். சோற்றுக்கு அரிசி தீர்ந்தால் மனைவியின் மூட்டையிலிருந்தும் மகளின் மூட்டையிலிருந்தும்தான் அள்ளுவார், பிறகு பாரம் குறைந்துவிட்டது என்று தானே புறுபுறுப்பார். மகனின் மூட்டையை அவிழ்க்கமாட்டார்.

விசா வந்தது. குடும்பம் கொழும்புக்கு வந்து நிற்கிறது என்று யாரோ மூலம் செய்தி வந்தது. புறப்படும் நாளும் வந்தது. கொப்பன்ஹேகனுக்கு என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனார். நான் வீட்டில் நண்டுக் கறி வைத்து, புட்டு அவித்து, பொடியன்கள் நிறையச் சாப்பிடுவார்கள் என்று இன்னொரு நீத்துப் பெட்டியும் அவித்து வைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் கார் வந்து நின்றது. சன்னலில் நின்று பார்த்தேன். அவர் இறங்கினார். மனைவி இறங்கினாள், பெரிய குளிர்ச்சட்டைக்குள் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். மகள் இறங்கினாள். என் கணவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். நான் இன்னும் ஓராள் இறங்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

நடந்ததை அவருடைய மனைவி என் குசினியில் நின்று சொன்னாள். கொழும்புக்கு வெளிக்கிட இருந்த காலையில் மகனை எழுப்பப் போனால் படுக்கை வெறுமையாக இருந்தது. அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் ஊரில் இல்லை. "இயக்கத்துக்குப் போயிட்டான், அக்கா. செருப்பைக்கூடப் போடேல்லை. இவருக்கு அறிவிச்சா எங்களையும் வராதை, அவனைத் தேடு எண்டுவார். நான் தேடாத இடமில்லை. இந்தப் பிள்ளையையாவது கொண்டுவந்து சேர்ப்பம் எண்டுதான் வந்தனான்." சொல்லிவிட்டு, அவித்து வைத்திருந்த புட்டைப் பார்த்தாள். எனக்கு அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

விமான நிலையத்தில் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டே அவர் பயணிகள் வருகிற கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மனைவி சொன்ன பிறகும் பார்த்தாராம். விமானப் பணியாளர்களும் வந்து முடிந்து, துப்புரவு செய்கிறவர்கள் உள்ளே போன பிறகுதான் என் கணவரால் அவரை நகர்த்த முடிந்தது.

அதற்குப் பிறகு மேல் வீட்டில் மூன்று பேருடைய காலடி கேட்டது. ஆனால் மற்ற இரண்டும் ஓய்ந்த பிறகும் அவருடையது ஓயவில்லை. சில்லுப் பகிடியை நான் விட்டுவிட்டேன். என் கணவர்தான் பொறுக்காமல் ஒருநாள் சொன்னார்:

"அண்ணை, அந்தப் பெரிய கரவனைக் கிழவனிட்டைக் குடுத்திட்டுச் சின்னதை எடுங்கோவன். மூண்டு பேருக்கு அது காணும். கார் லேசா இழுக்கும், அடுப்பையும் திருப்பிப் பூட்டலாம்."

அண்ணை கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஓம். லேசா இழுக்கும்" என்றார். பிறகு சன்னலால் கீழே பார்த்தார். கரவன் மாறவில்லை.

அந்தக் கோடையில் அவர்கள் மேற்குக் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். மகள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான். வழியில் சாப்பிடக் கட்லட் பொரித்துக்கொண்டு கீழே போனேன். அவர் கொக்கியைக் குனிந்து பார்ப்பதும், சில்லை உதைத்துப் பார்ப்பதும், திரும்பவும் கொக்கிக்கு வருவதுமாக நின்றார். மனைவி முன் இருக்கையில் இருந்தாள். மகள் பின்னால். பொதியைக் கொடுக்கக் குனிந்தபோதுதான் கண்டேன். மகளுக்குப் பக்கத்தில், சன்னல் ஓரமாக, மூட்டைக்கு மேல் மூட்டையாக அந்த மூன்று அரிசி மூட்டை. என்னுடைய பச்சைச் சேலைக் கிழிசலால் இருக்கையோடு கட்டியிருந்தது.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். பாரம் குறைக்கவென்று அடுப்பைக் கழற்றி எறிந்த மனிதர்.

"அது... இல்லாட்டி கார் ஒரு பக்கம் சாயும், தங்கச்சி" என்றார், என்னைப் பாராமல்.

ஒரு கார் அதற்காகச் சாயாது என்று எனக்கே தெரியும். அவரிடம் இருந்துதானே படித்தேன். மனைவி நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று நின்றேன், வாயில் வந்தது அவருடைய கேள்விதான்.

"இழுக்குமோ அண்ணை?"

"இழுக்கும்" என்றார். "மெல்ல மெல்லப் போனா இழுக்கும்."

மேல் மூட்டை கொஞ்சம் சரிந்திருந்தது, முடிச்சு இளகியிருந்தது. நான் கையை உள்ளே விட்டு, அதை நிமிர்த்தி வைத்து, சேலையை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டேன்.